பச்சை ஏறிய வாசல்

அத்தியாயம் பதினான்கு

பெரியவள் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உண்மையில் என்ன வாங்கிக்கொண்டு வந்தாள் என்பது, சென்ற வாரம் அவள் கூடவே போன உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"நரம்பு காஞ்சுக்கிட்டே வருதும்மா. முதல்ல சிவப்பும் பச்சையும் போகும். அப்புறம் மெதுவா மத்ததும் மங்கும். இதுக்கு மருந்து கிடையாது, ஆபரேஷனும் கிடையாது," என்றார் டாக்டர். நல்ல மனிதர். எழுந்து வந்து கதவைக்கூடத் திறந்துவிட்டார். டாக்டர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று பெரியவளுக்குத் தெரியாதா?

வெளியே வந்தவள், வீட்டில் காட்ட ஏதாவது வேண்டுமே என்று தெருவோரக் கடையில் ஒரு படிக்கிற கண்ணாடியை வாங்கினாள். அது அவள் கண்ணுக்குப் பொருந்தவே இல்லை. போட்டால் தலை சுற்றுகிறது. ஆனாலும் போட்டுக்கொள்கிறாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுகிறேன். நாலே பேர். அண்ணன் மேஸ்திரி, அவர் மனைவி பெரியவள். தம்பிக்காரன், அவன் மனைவி சின்னவள். சின்னவள் கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. நாலு பேருக்கும் தொழில் ஒன்றுதான். வீட்டு வாசல், கார் நிற்கிற இடம், பின்பக்கம் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிற தளம், இவற்றுக்கெல்லாம் கான்கிரீட் போட்டு, அதைக் கான்கிரீட் என்று யாரும் நம்பாதபடி செய்வது. ஈரம் இருக்கும்போதே ரப்பர் அச்சை வைத்து மிதித்தால் கல் பாவியது போல வரி விழும். காய்ந்த பிறகு ஆசிட் கலர் அடித்தால், நூறு வருஷ வெயிலும் மழையும் பார்த்த கல் போல நிறம் ஏறும்.

அச்சு மிதிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இந்த வீட்டுக்குச் சோறு போடுவது நிறம்தான். "கலர் அக்கா வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் வேலையே கொடுப்பார்கள். காய்ந்த இலை ஒன்றைக் கையில் கொடுத்து 'இந்தக் கலர் வேணும்' என்றால், பெரியவள் அதை வெயிலில் ஒரு தரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு இரண்டு மூன்று கேனிலிருந்து ஊற்றிக் கலக்கி, அதே நிறத்தைத் தரையில் கொண்டுவந்துவிடுவாள். கொண்டுவந்துவிடுவாள் என்று எழுதிவிட்டேன். அதெல்லாம் போன வருஷக் கதை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஆசிட் கேனில் பெயர் எழுதி ஒட்டினால் நிற்காது. ஒரு சொட்டு வழிந்தால் போதும், காகிதமும் போச்சு, எழுத்தும் போச்சு. அதனால் ஒவ்வொரு கேனின் பிடியிலும் ஒரு துண்டுத் துணி கட்டியிருக்கும். செங்கல் பழுப்புக்குச் சிவப்புத் துணி, பாசிப் பச்சைக்குப் பச்சைத் துணி. இந்த ஏற்பாட்டைச் செய்தவளே பெரியவள்தான்.

கொஞ்ச காலமாகவே அவள் துணியைப் பார்த்துக் கேனை எடுப்பதில்லை. இடத்தைப் பார்த்து எடுக்கிறாள். ஷெட் அலமாரியில் முதலில் இருப்பது பழுப்பு, கடைசியில் இருப்பது பச்சை. பல வருஷமாக அப்படித்தான். கை தானாகப் போகும். அந்த வரிசையை நம்பித்தான் அவள் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். அவள் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்போம்.

*

அன்றைக்குக் கழுவுகிற நாள். பல் டாக்டரம்மா ஒருவரின் புது வீடு. கார் நிற்கிற இடம் போன வாரமே முடிந்து, நல்ல செங்கல் பழுப்பில் பளபளவென்று இருந்தது. கேட்டிலிருந்து கதவு வரை போகிற நடைபாதைக்கும் படிகளுக்கும் முந்தின நாள் ஆசிட் கலர் அடித்திருந்தார்கள். கலக்கி ஊற்றியது பெரியவள். முகமூடி மாட்டிக்கொண்டு தெளித்தது மேஸ்திரி.

ஆசிட் கலரின் குணமே ஒரு மாதிரி. அடிக்கும்போது நுரைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் போலக் கிடக்கும். என்ன நிறம் வரப்போகிறது என்று அப்போது யாரும் சத்தியம் செய்ய முடியாது. ராத்திரி முழுக்கச் சிமெண்டுக்குள் இறங்கி, மேலே சேறு மாதிரி ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மறுநாள் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

பெண்கள் இரண்டு பேரும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி படிக்கட்டு ஓரத்தில் தண்ணீர் தள்ளுகிற கட்டையோடு தயாராக நின்றார். தம்பிக்காரன் குழாயில் ரப்பர் டியூபை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க போய் உக்காருங்கக்கா. குனிஞ்சா தலை சுத்துதுன்னீங்களே," என்றாள் சின்னவள்.

"கண்ணாடி புதுசு இல்லையா, பழகணும்."

"கழட்டி வைங்க அதை. கலர் அக்காவுக்கு எதுக்குக் கண்ணாடி? கண்ணாடிக்குத்தான் உங்க கண்ணு வேணும்."

சின்னவள் பேசினால் பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வரும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியவளை ஒரு நிமிஷம் தனியாக விட்டதில்லை. அக்கா இப்படி, அக்கா அப்படி என்று பின்னாலேயே சுற்றுவாள். பெரியவளுக்கும் அவள் மேல் உயிர்.

"அது சரி, ஷெட்டைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?" என்றாள் சின்னவள், தேய்த்துக்கொண்டே.

"ஷெட்டையா? என்ன?"

"போங்கக்கா! முந்தாநாள் உக்காந்து அலமாரி முழுக்கத் துடைச்சேன். துணியெல்லாம் இத்துப் போயிருந்துச்சு, புதுசாக் கட்டினேன். கேனையும் மாத்தி அடுக்கினேன். நிறைஞ்சதெல்லாம் முன்னாடி, காலியாகப் போறதெல்லாம் கடைசி. இனிமே பாதிக் கேனைத் தூக்கிட்டு வந்து வேலை நடுவுல முழிக்க வேண்டாம் பாருங்க."

பெரியவளின் கையில் பிரஷ் நின்றுவிட்டது. நேற்றுக் காலை அவள் கை நேராக முதல் கேனுக்குத்தான் போனது.

"தண்ணி விடவா அண்ணி?" என்று தம்பிக்காரன் குரல் கொடுத்தான்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

சேற்றுப் படலம் கரைந்து ஓடியது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நடைபாதையைப் பார்த்தாள், பக்கத்தில் கார் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அதே மங்கல் பழுப்பு, இங்கே லேசாகக் கறுத்த மாதிரி, அவ்வளவுதான். போன உயிர் திரும்பி வந்தது. நேற்று கை எப்படியோ சரியான கேனுக்குத்தான் போயிருக்கிறது!

"நல்லாப் பழுத்து வந்திருக்கு," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மறுபடியும் அவளே கேட்டாள்.

"என்ன, எல்லாரும் பேச்சைக் காணோம்? நல்லாத்தானே வந்திருக்கு?"

மேஸ்திரி கட்டையைக் கீழே போட்டார். தம்பிக்காரன் கையிலிருந்த டியூப் அவன் காலிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, நல்ல நேரம் பாத்தீங்க கிண்டல் பண்றதுக்கு," என்றான் தம்பிக்காரன். "கேட்டிலேர்ந்து கதவு வரைக்கும் பச்சைப் பசேல்னு கிடக்கு. குளத்துப் படிக்கட்டு மாதிரி."

பெரியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரே பார்க்கிற நிறத்தை அவள் ஒருத்தி பார்க்கவில்லை. காலுக்குக் கீழே பச்சை இருக்கிறது என்று சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. அவள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். தரை மாறவில்லை.

*

சத்தம் நின்றுபோனதைக் கேட்டு டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். தினம் பத்து பேரை வாயைத் திற, வாயைத் திற என்று சொல்கிறவர், இன்று அவரே வாயைத் திறந்தபடி படியில் நின்றார்.

"இது என்ன கலர்?"

"தப்பு நடந்துபோச்சும்மா," என்றார் மேஸ்திரி.

"அழிச்சிடலாம் இல்ல?"

"முடியாதும்மா. மேல பூசுற பெயிண்டா இருந்தா சுரண்டிடலாம். இது சிமெண்டுக்குள்ள ஏறிடுச்சு. என்ன தேய்ச்சாலும் வராது."

"அதுக்கு மேலயே பழுப்பு அடிச்சா?"

"சாணிக் கலர் வரும்."

மேஸ்திரி இப்படித்தான். சமாளிக்கத் தெரியாத மனிதர். தம்பிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. பச்சைப் படியைச் செருப்பு நுனியால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "உடைச்சு எடுத்துட்டுப் போயிடுங்க. நான் வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறேன். கலர் அக்கா கலர் அக்கான்னு எல்லாரும் சொன்னாங்களேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆம்பளைக்குத் தொழிலில் அடிபட்டால் யார் மேல் பாய்வான்? தம்பிக்காரன் நேரே சின்னவளிடம் வந்தான்.

"துணி கட்டினது நீதானே?"

"நான்தான். சரியாத்தான் கட்டினேன்."

"சரியாக் கட்டியிருந்தா பச்சை எப்படிடீ வரும்? கேன் தானா நடந்து வந்துச்சா?"

"சத்தியமா சரியாத்தான் கட்டினேங்க. ஒவ்வொண்ணையும் ஒரு சொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கட்டினேன். வேணும்னா கேனைப் பாருங்க."

எங்கே பார்ப்பது? வேலை முடிந்ததும் காலிக் கேனைக் கழுவிக் கவிழ்த்து, துணியை அவிழ்த்துக் கூடையில் போட்டுவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். நேற்றைய கேனைப் பெரியவளே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். துணி பத்துத் துணியோடு கூடையில் கிடக்கிறது.

"அண்ணி கண்ணு தப்புமா? சொல்லு. அண்ணி கண்ணு தப்பி நீ எங்கேயாவது பாத்திருக்கியா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். எப்போதும் தனக்காக ஒரு வார்த்தை பேசுகிற அக்கா இப்போதும் பேசுவாள் என்று பார்த்தாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு," என்றார் மேஸ்திரி. "அவ எது செஞ்சாலும் பரிஞ்சுக்கிட்டு வந்துடுவே. இன்னிக்கு வேண்டாம்."

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவள் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. புருஷன் சும்மா இரு என்றால் என்றைக்காவது சும்மா இருந்தவளா அவள்? இன்றைக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மத்தியானம் உடைக்கிற மெஷின் வந்தது. தம்பிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு உடைத்தான். அச்சு வைத்து மிதித்து, வரி வரியாக எடுத்த தளம் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. சின்னவள் கூடையில் அள்ளி அள்ளி வண்டியில் கொட்டினாள். பெரியவளும் பக்கத்திலேயே அள்ளினாள். காலையில் சிரித்த பெண்ணா இது என்று இருந்தது சின்னவளைப் பார்க்க.

*

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் குளித்துவிட்டுப் பையை எடுத்தாள்.

பெரியவள் அறை வாசலில் வந்து நின்றாள். "எங்கே?"

"அம்மா வீட்டுக்கு."

"எப்ப வருவே?"

"தெரியலைக்கா." புடவையை மடிக்காமல் சுருட்டி உள்ளே திணித்தாள். "அவர் திட்டினது எனக்குப் பெரிசில்லை. அவர் எதுக்குத்தான் திட்டலை? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அவ சரியாத்தான் கட்டியிருப்பா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. எல்லார் முன்னாடியும் என்னைத் திருடி மாதிரி நிக்க வெச்சுட்டீங்க."

இனிமேலும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது. "இரு. அஞ்சு நிமிஷம் இரு," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள்.

அண்ணனும் தம்பியும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"தப்பு அவ மேல இல்லை," என்றாள் பெரியவள். "நான்தான் மாத்தி எடுத்தேன். துணி சரியாத்தான் கட்டியிருந்தது. எனக்குத்தான் தெரியலை. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது."

இரண்டு பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பிக்காரன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, உங்க மனசு யாருக்கும் வராது. அவளைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாமா பொய் சொல்வீங்க?" உள்பக்கம் திரும்பிக் கத்தினான். "ஏய், கேட்டியா? உனக்காக அண்ணி தன் கண்ணையே குருடுங்கறாங்க!"

"பொய் இல்லைப்பா. டாக்டர் சொன்னார். நரம்பு காயுதாம். மருந்து கிடையாதாம். கொஞ்சம் கொஞ்சமா எல்லாமே போயிடுமாம்."

மேஸ்திரியின் முகம் வெளுத்துப் போனது. "கண்ணாடிக்குத்தானே போனே?"

"இது கடையில வாங்கினது. போட்டா ஒண்ணுமே தெரியலை." கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டார்."

மேஸ்திரி அந்தக் கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கடைசியில் பிடிவாதம் மட்டும் மிஞ்சியது. "டாக்டர்னா தப்பாச் சொல்ல மாட்டாரா? என் முட்டியைப் பாத்துட்டு இனிமே நீ மாடி ஏற மாட்டேன்னான் ஒருத்தன். நான் மாடியில நின்னுக்கிட்டு அவனுக்கு ஃபோன் பண்ணினேன்," என்று எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு மாதிரிப் பலகைகள் இருந்தன. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகச் செய்து வைத்திருக்கிற உள்ளங்கை அகலக் கான்கிரீட் துண்டுகள் அவை. ஒன்று செங்கல் பழுப்பு, ஒன்று பாசிப் பச்சை. முதுகைத் திருப்பிக்கொண்டு மேஜையில் வைத்தார். பிறகு நகர்ந்தார்.

"இதுல பழுப்பு எது? சொல்லு."

பெரியவள் பார்த்தாள். ஒரே அச்சு, ஒரே வரி, ஒரே நிறம். "தெரியலைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தான் சொல்றேன். தெரியலை."

"சொல்லக் கூடாதுன்னு அடம் பிடிக்கிறாங்க," என்றான் தம்பிக்காரன்.

அறை வாசலில் சின்னவள் பையோடு வந்து நின்றிருந்தாள். முகத்தில் சின்னதாக ஒரு நம்பிக்கை. அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு ஒன்று புரிந்தது. தெரியலை என்று எத்தனை தரம் சொன்னாலும் இவர்கள் நம்பப் போவதில்லை. கண் முன்னால் பச்சையாகத் தப்புச் செய்தால்தான் நம்புவார்கள்.

மேஸ்திரி யாருக்கு மாதிரி காட்டினாலும், எதிரே இருப்பவருக்கு இடது பக்கம் பழுப்பும் வலது பக்கம் பச்சையுமாகத்தான் வைப்பார். எத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்! அப்படியானால் இடது பக்கம் இருப்பது பழுப்பு. அவள் கையை நீட்டி வலது பக்கம் இருந்ததைத் தொட்டாள்.

"இதுதான் பழுப்பு."

மேஸ்திரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அப்பாடா, நம்பிவிட்டார்.

மேஸ்திரி கையை எடுத்தார். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"சரியாச் சொல்லிட்டா! டேய், சரியாச் சொல்லிட்டாடா! பழக்கத்துல சொல்லிடப் போறாளேன்னு வேணும்னே இடம் மாத்தி வெச்சேன். மாத்தி வெச்சும் சரியாச் சொல்லிட்டா!"

தம்பிக்காரன் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

பெரியவள் அந்தப் பலகையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். தப்பாகச் சொல்வதற்கும் கண் வேண்டியிருக்கிறது. "இல்லைங்க, கேளுங்க. நான் தப்பாச் சொல்லணும்னுதான் இதைத் தொட்டேன்."

"ஆங்! அப்படி வா வழிக்கு!" என்றார் மேஸ்திரி. "தப்பாச் சொல்லணும்னு பாத்தாளாம். எது சரின்னு தெரிஞ்சாத்தானேம்மா தப்பாச் சொல்ல முடியும்?"

"அய்யோ, அது இல்லைங்க..."

"போதும். நீ பேசாதே. என் உயிரே போயிட்டு வந்துச்சு." அவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. அந்த மனிதர் நம்ப மறுக்கவில்லை, நம்புவதற்குப் பயந்தார். பயந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டது. இனி அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

சின்னவள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அந்த நம்பிக்கை அவள் முகத்தில் இப்போது இல்லை.

"அப்ப உங்களுக்கு நல்லாத்தான் தெரியுது."

"இல்லைடி. நீயாவது நம்பு. நீ சரியாத்தான் கட்டினே."

"எப்படித் தெரியும் உங்களுக்கு? பாத்தீங்களா?"

பெரியவள் அவள் கையைப் பிடிக்கப் போனாள், சின்னவள் விலகிக்கொண்டாள்.

"பாவம் பாத்துப் பொய் சொல்ல வந்தீங்க. நல்ல மனசுதான். ஆனா நீங்க சும்மா இருந்திருந்தா, யாரு தப்போன்னு ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். இப்ப சந்தேகமே இல்லாம நான்தான்னு ஆக்கிட்டீங்க." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கலர் அக்கா, நான் வர்றேன்."

அவள் அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். வேலை கொடுக்க வருகிறவர்கள் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். தம்பிக்காரன் எழுந்திருக்கவில்லை. "போகட்டும், ரெண்டு நாள் இருந்தாத்தான் புத்தி வரும்," என்றான்.

தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. பெரியவள் வாசலுக்கு ஓடினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது. வண்டியின் பின்விளக்கு எரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மேஸ்திரி ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மாதிரிப் பலகை இரண்டையும் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னொரு தடவை வைங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை. கெஞ்சிக் கேக்கறேன்."

"பாஸ் பண்ணினவளுக்கு எத்தனை தடவைம்மா பரீட்சை வைக்கிறது?" என்றார் அவர், ரொம்பப் பிரியமாக. அந்தப் பக்கம் யாரோ ஃபோனை எடுத்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் சார். நாளைக்குக் காலையில வந்துடறோம். ஹோட்டல் வாசல் முழுக்க ஒரே கலர்தானே? கவலையே படாதீங்க. இனிமே வேற யாரும் கேனைத் தொட மாட்டாங்க. எல்லாமே கலர் அக்கா கையாலதான்."